அனுப்புகை எண் 412

தேமாஜி நீர்வளக் கோட்டத்தில்
வெளியே போகும் கடிதங்களுக்கு
எண் போடுவது என் வேலை.
உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டியதில்லை.
படிப்பேன்.

ஓய்வுபெற்ற செயற்பொறியாளர்
ஹேமகாந்த தோலே அவர்களுக்குக்
குற்றக் குறிப்பாணை, இணைப்புகள் நான்கு.
ஜியாதல் கரையில் பதினாறாயிரம் மணல் மூட்டை
அடுக்கியதாக அளவுப் புத்தகம் சொல்கிறது.
கரை உடைந்த பிறகு போய் எண்ணியவர்களுக்குக்
கிடைத்தது ஏழாயிரத்துச் சொச்சம்.
மீதியை ஆறு தின்றுவிட்டது என்றார் அவர்.
ஆறு தின்னாது என்று
யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஓய்வுபெற்றவர்மேல் நடவடிக்கை என்றால்
நடந்தது நாலு வருஷத்துக்குள் இருக்க வேண்டும்.
ஒரு நாள் கூடினாலும்
கோப்பைக் கட்டிப் பரண்மேல் போட வேண்டியதுதான்.
கடைசிப் பட்டியலில் அவர் கையெழுத்திட்டது
ஜூன் இருபது.
ஒன்பதாம் நாள் கரை போயிற்று.
அதன்பின் அந்தக் கோப்பு திஸ்பூரில்
மூன்று வருஷம் பதினோரு மாதம்
மேசை மேசையாக உட்கார்ந்து தேநீர் குடித்தது.

எங்களிடம் வந்து சேர்ந்தது
நாலாம் வருஷம் ஜூன் பதினேழு,
வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை.
தபால் நிலையம் மூடிவிட்டது.
திங்கள் வரை இருக்கிறதே என்றார்கள்.

சனிக்கிழமை இரவு தண்ணீர் வந்தது.
அதே உடைப்பு வழியாக,
யாரும் ஒழுங்காக அடைக்காத அதே வாய் வழியாக.
பதிவேட்டைப் பாலிதீனில் சுற்றித்
தலையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.
திங்கள் போனது. செவ்வாய் போனது.
தபால்காரரின் சைக்கிள்
வேப்பமரக் கிளையில் தொங்கியது.
வியாழன், ஜூன் இருபத்திமூன்று,
சேறு கழுவிய மேசையில் எழுதினேன்:
412, பதிவுத் தபால்.

மேற்பார்வைப் பொறியாளர் ரத்னேஸ்வர் புயான்
பதிவேட்டைத் தானே புரட்டிப் பார்த்தார்.
பதினேழாம் தேதிப் பக்கத்தில்
அடியில் ஒரு வரி காலி.
"இடம் இருக்கிறதே" என்றார்.
"உன் அண்ணன் நிலமும் அங்கேதானே?"

அங்கேதான். பதினோரு பிகா.
இடுப்பளவு மணல்.

பேனாவின் மூடியைக் கழற்றினேன்.
அது உண்மை.
பிறகு எழுதவில்லை. அதுவும் உண்மை.
நேர்மை என்று சொல்லிவிடாதீர்கள்.
அந்தப் பக்கம் முழுக்க நனைந்து
எல்லா எழுத்தும் நீலமாகப் பரவியிருந்தது.
புதிதாக எழுதும் ஒரு வரி மட்டும்
உலர்ந்த எழுத்தாக நிற்கும்.
எந்தக் கண்ணுக்கும் தெரியும்.
பக்கம் நனையாமல் இருந்திருந்தால்?
இன்னும் சில ராத்திரிகளில்
அந்த வரியை நிரப்பிப் பார்க்கிறேன்.

குவஹாத்திக்கு இரவுப் பேருந்தில் போனேன்,
பதிவேடு மடியில்.
வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.
அனுப்பிய தேதி?
இருபத்திமூன்று.
மூட்டைகளைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் நான் எண்ணியவள் இல்லை.
குறிப்பாணை ரத்து.
நிறுத்திய பணிக்கொடை, ஆறு சத வட்டியுடன்.

நவம்பரில் வங்கியில் அவரைப் பார்த்தேன்.
உயிர்வாழ் சான்று கொடுக்க வரிசையில் நின்றார்.
மெலிந்திருந்தார். காதில் கருவி.
"பேனா இருக்குமா, அம்மா?" என்றார்.
கொடுத்தேன்.
உயிரோடு இருப்பதாகக் கையெழுத்திட்டார்,
தேதியை என்னிடம் கேட்டு.
பேனாவைத் திருப்பித் தரும்போது
"இந்த வருஷம் தண்ணீர் உங்கள் பக்கம் வந்ததா?" என்றார்.
என்னைத் தெரிந்து கேட்டாரா, தெரியவில்லை.
வந்தது என்றேன்.

அண்ணன் இப்போது மணல் விற்கிறான்.
கரைக்கு மூட்டை கட்டப்
புது ஒப்பந்தக்காரர் அவன் வயலில்தான் அள்ளுகிறார்.
லாரி கிளம்பும்போதெல்லாம்
ஜாதுமணி வாசலில் நின்று எண்ணுகிறான்,
வாய்விட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி.
நூறுக்கு ஒரு தரம்
சுவரில் கரிக்கோடு.